17-பி விருப்ப ஓய்வு பெற்ற விதம்

தண்டவாளத்தோரம் போல்ட் போட்டு இறுக்கியிருந்த முந்நூறு கிலோ இரும்புப் பெட்டி ஒன்றை விருப்ப ஓய்வில் வீட்டுக்கு அனுப்பியவன், இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். மாலை போட்டேன். பொன்னாடை போர்த்தினேன். அது எழுந்து நிற்கவில்லையே தவிர, ஏற்புரை ஆற்றியது. அதைக் கேட்டுத் தலைமையகத்துப் பொறியாளர் ஒருவர் மயங்கி விழுந்தார். அவர் கையிலிருந்த போண்டா உருண்டு ஓடி மூன்று தண்டவாளங்களைத் தாண்டிப் போய் நின்றது.

போண்டா விஷயத்தில் ஒரு தண்டவாளம் கூட்டிச் சொல்லியிருப்பேன். மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.

நம்ப வேண்டாம். யாரும் நம்பியதில்லை. இருபது வருஷமாக, ஒவ்வொரு நவம்பரிலும், தென்கோடி ரயில் கழகத்தின் ஓய்வூதிய அலுவலக வரிசையில் நின்றபடி இதைச் சொல்லி வருகிறேன். அந்த வரிசை, நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று நிரூபிக்கிற வரிசை. என் நெஞ்சில் ஒட்டியிருக்கும் பட்டை நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை நான் உயிரோடிருப்பதைத் தலைமையகத்துக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. 2067-இல் அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வேண்டும். நேரில் வந்து நீல மையில் கையெழுத்துப் போடவேண்டும். நாடித்துடிப்பு வெறும் தகவல். கையெழுத்துதான் ஆதாரம்.

இந்த வருஷமும் நான் வாயைத் திறந்ததும் எனக்கு முன்னால் நின்ற பட்டமுத்து திரும்பினார்.

"ஓய் ஞானதிரவியம், பெட்டிக் கதய ஆரம்பிச்சாச்சா?"

"கதயில்ல வே. நடந்தது."

"பெட்டி பேசுச்சு, பெட்டி அழுதுச்சு, பெட்டி போண்டா தின்னுச்சு. போதும் வே."

"தின்னுச்சுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"அடுத்த வருசம் சொல்லுவீரு."

பட்டமுத்துவுக்கு எழுபத்தெட்டு வயது. தண்டவாளத்துக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டராக இருந்தவர். வாழ்நாளில் ஒரு நகைச்சுவை சொன்னதில்லை, ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று பெயர். ஏதாவது நடந்ததா இல்லையா என்று எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பார்கள். சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்த என்னைக் கேட்கமாட்டார்கள். எனக்கு வேறு மாதிரிப் பெயர். ஒரு வெள்ளத்தில் நீந்திப் போய் எழுபதடி சிக்னல் கம்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன் என்று இளமையில் ஒரு தடவை சொல்லிவிட்டேன். அது என்னோடு ஒட்டிக்கொண்டது. நாற்பதடிக் கம்பம்தான்.

இந்த வருஷம் வரிசையில் புதிதாக ஒருவர் நின்றிருந்தார். பேச்சித்தாய். ஜூனில்தான் பணி ஓய்வு. எனக்குப் பின்னால் மூன்றாவது ஆள். உண்மையில் இது அவருடைய கதை. நான் அதில் மாலை வாங்கிவந்தவன் மட்டும்.

ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுவது டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதால்தான் என்று என் சம்பந்தி இன்றுவரை நம்புகிறார். ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. தடம் பிரியும் இடத்தில், கத்திபோலச் சீவிய இரண்டு தண்டவாளங்கள் நாக்கு மாதிரி இப்படியும் அப்படியும் நகரும். நாக்கு எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ, அதற்கேற்ற வழியில் வண்டி போகும். அந்த நாக்கைத் தள்ளுகிற பெட்டிதான் பாயிண்ட் மெஷின். தள்ளும், ஒட்டிவிட்டதா என்று பார்க்கும், பூட்டும், 'பூட்டியாச்சு' என்று ஸ்டேஷனுக்குச் சொல்லும். அதன்பிறகுதான் சிக்னல் பச்சையாகும். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்கூடப் பூட்டு விழக்கூடாது. விழுந்தால், வண்டியின் முன் சக்கரம் ஒரு பக்கம் போகும். பின் சக்கரம் இன்னொரு பக்கம் போகலாமா என்று யோசிக்கும்.

எங்கள் தேரிக்குளம் ஜங்ஷனில் சிக்கல் என்னவென்றால் மணல். ஆடிக் காற்று கிளம்பினால் சுற்றியிருக்கும் தேரி என்கிற செம்மணல் மேடு முழுவதும் எழுந்து ரயிலேற வந்துவிடும். பாயிண்டுகளில் மணல் அப்பிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பூட்டு விழாமல் வண்டிகள் சிவப்பில் நிற்கும். டெக்னீஷியன் பேச்சித்தாய் துணியும் எண்ணெய் டப்பாவுமாக ஓடுவார். துடைத்து, ஐந்து மில்லித் தகட்டை நடுவில் வைத்துச் சோதித்து, பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த பாயிண்ட் கூப்பிடும்.

2047-இல், எனக்கு ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கையில், தலைமையகத்திலிருந்து இளவழுதி என்கிற இளம் பொறியாளர் வந்தார். 17-பி என்ற பாயிண்டில் ஒரு புதிய பெட்டியை மாட்டியிருந்தார்கள்; அவருடைய தயாரிப்பு அது. அதற்குக் கேமரா உண்டு, ஒலிபெருக்கி உண்டு. மாட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்களைக் கூட்டி வைத்து விளக்கம் சொன்னார்.

"இது வெறும் மெஷின் இல்ல சார். இதுக்கு மூளை இருக்கு. நடுவுல இருக்கறது மணல் துகளா, நிஜமான தடையான்னு தானே யோசிச்சு முடிவெடுக்கும். அநாவசியமா வண்டிய நிறுத்தாது. இந்த மாசத்திலேர்ந்து முடிவெடுக்கற அதிகாரத்த முழுசா அதுகிட்ட விடறோம்."

"யோசிக்கணும்னா எதையாவது படிச்சிருக்கணுமே சார். என்ன படிக்க வச்சிய?" என்று கேட்டேன்.

"எண்பது வருஷத்து ரெக்கார்டு! பழுதுப் பதிவு, விபத்து அறிக்கை, ஜாயின்ட் நோட்டு, மெமோ, மெமோவுக்கு விளக்கம். தலைமையகத்துல ஒரு பீரோவ விடல."

"அந்தப் பீரோக்களயா?"

"ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல. கூட ரெண்டு கதைப் புஸ்தகமும் வச்சிருக்கலாம். கொஞ்சம் உண்மை கலந்திருக்கும்."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்.

ஜாயின்ட் நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வண்டி தடம் புரண்டால், புழுதி அடங்குவதற்குள் நாலு துறை இன்ஸ்பெக்டர்களும் ஒரே தாளைச் சுற்றி நிற்போம். ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரின் தவற்றை நாடா வைத்து அளந்து எழுதுவோம். சக்கரம் தேய்ந்திருந்தது என்பார் தண்டவாளக்காரர். தண்டவாளம் தேய்ந்திருந்தது என்பார் சக்கரக்காரர். எண்பது வருஷத்து நோட்டுகளையும் சேர்த்துப் படித்தால், இந்தத் தேசத்தில் எந்த விபத்தையும் யாருமே செய்யவில்லை என்று விளங்கும். அந்தத் தாளில் இனி 17-பிக்கும் ஒரு பத்தி உண்டு என்றது சுற்றறிக்கை. காரணமும் போட்டிருந்தது: இயந்திரம் பொய் சொல்லாது.

பேச்சித்தாய்க்கு மட்டும் அந்தப் பெட்டியைப் பிடித்திருந்தது. துடைத்து முடித்ததும் ஒலிபெருக்கியில், "தங்கள் பணிக்கு நன்றி" என்னும். "இத்தன வருசத்துல எனக்கு நன்றி சொன்னது இது ஒண்ணுதான் சார்," என்பார். அதற்குமுன் இருபது வருஷமாக அவருக்கு மேலதிகாரி நான்தான். நான் அப்போது வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆடி மாதம். பகல் ஒன்று பத்து. நாற்பது நிமிஷம் தாமதமாக வந்த பாசஞ்சர் வண்டி 17-பியில் தடம் புரண்டது. மூன்றாவது பெட்டி சாய்ந்தது. பதினோரு பேருக்குக் காயம். ஜன்னலில் கையூன்றி உட்கார்ந்திருந்த சிவகுருநாதன் என்ற தையல்காரருக்கு இடது கை மணிக்கட்டோடு போயிற்று.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் ஜாயின்ட் நோட்டு தயாராகிவிட்டது. 17-பியின் பத்தி இப்படி இருந்தது:

'மேற்காணும் பொருள் தொடர்பாக, அன்று காலை 10.20 மணிக்கு டெக்னீஷியன் திருமதி பேச்சித்தாய் என்பவர் இவ்வியந்திரத்தைத் துடைத்துச் சோதித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டுள்ளார். அவ்வாறு செய்திருப்பின் இந்நிகழ்வு நேர்ந்திராது. எனவே, அவ்வாறு செய்யவில்லை எனக் கருத இடமுள்ளது. இவ்வியந்திரத்தின் தரப்பில் குறைபாடு ஏதுமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளலாகிறது.'

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'கருத இடமுள்ளது'! முப்பத்தேழு வருஷம் நான் எழுதிய நடை. என் பிள்ளைகள்கூட என்னை அவ்வளவு உரித்து வைக்கவில்லை.

கீழே பட்டமுத்து எழுதியிருந்தார்: 'இயந்திரத்தின் கருத்தை ஏற்கிறேன்.' தண்டவாளத் துறை சிக்னல் துறையோடு ஒத்துப்போனது எங்கள் ஜங்ஷன் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அப்போதே நான் மூக்கில் விரல் வைத்திருக்கவேண்டும்.

அன்றே பேச்சித்தாய் சஸ்பெண்ட் ஆனார். பத்தாம் நாள் விசாரணை. இயந்திரமே சாட்சி சொன்னபிறகு விசாரணை எதற்கு? வேலை நிச்சயமாகப் போகும். வேலையோடு குவார்ட்டர்ஸ் போகும். ஒருவர் கை போனதற்காகப் போலீஸ் கேஸும் வரும். ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார். உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு.

"தொடச்சேன் சார். தகட வச்சு ரெண்டு தடவ பாத்தேன். அது நன்றின்னு சொல்லுச்சு சார். சொல்லிட்டா இப்படி எழுதும்?"

"நன்றி சொல்லிட்டுத்தான் எழுதுவாக. அதுவும் அந்தப் பீரோவுல படிச்சதுதான்."

மறுநாள் 17-பிக்கு மெமோ கொடுத்தேன். சிரிக்காதீர்கள்; ஜாயின்ட் நோட்டில் பத்தி எழுத உரிமையுள்ளவருக்கு மெமோ வாங்கவும் கடமை உண்டு. நாற்பத்திரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. சுருக்கம்: மெமோ கிடைத்தது. இரண்டாவது மெமோ கொடுத்தேன். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகல் கேட்டது. கொடுத்தேன். நகல் தெளிவாக இல்லை என்றது. ஐந்தாம் நாள், தனக்காக வாதாட ஒரு சக ஊழியர் வேண்டுமென்று கேட்டு, பக்கத்து ஜங்ஷனில் இருக்கும் ஒரு லெவல் கிராசிங் கேட்டின் பெயரைப் பரிந்துரைத்தது. ஆறாம் நாள் மோட்டார் உஷ்ணம் காரணமாக மருத்துவ விடுப்பில் போயிற்று. கைப்பிடியைப் போட்டு நாங்களே சுற்றி வண்டிகளை அனுப்பினோம்.

ஏழாம் நாள், விடுப்பு முடிந்து வந்ததும், அதன் பக்கத்தில் ஜல்லிமேல் துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

"ஏ 17-பி. இங்க யாருமில்ல. மனுசனாட்டம் பேசு."

"ஐயா, அத்தகுதி இவ்வியந்திரத்திற்கு இல்லை."

"நாக்கு ஒட்டலங்கறது உனக்கு அன்னைக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஐயா, இவ்வியந்திரம் பணியில் உள்ளது."

"அதுக்கு?"

"பணியில் உள்ளோர் தம் தவற்றை ஒப்புக்கொண்டதற்கு முன்னுதாரணம் தேடினேன். எண்பது ஆண்டுக் கோப்புகளில் ஒன்றுகூட இல்லை."

"பணியில இல்லாதவங்க?"

உள்ளே மோட்டார் உறுமிற்று.

"வழியனுப்பு விழா நடவடிக்கைக் குறிப்புகள் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு உள்ளன. மாலை விழுந்தபின் அவர்கள் பேசியவை கோப்புகளில் உள்ளவற்றோடு ஒத்துப்போவதே இல்லை. ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஆகவே, அவை உண்மை எனக் கருத இடமுள்ளது."

எனக்குப் புரிந்துவிட்டது. ஊழியர் மன்றத்தின் குறிப்பேடுகளும் அதே பீரோவில் இருந்திருக்கின்றன. இளவழுதி அவற்றையும் சேர்த்து ஊட்டிவிட்டிருக்கிறார்.

எங்கள் வழியனுப்பு விழாக்களைப் பார்த்திராதவர்கள் பாவம். முப்பத்தைந்து வருஷம் 'ஆமாங்கய்யா' தவிர ஒன்றும் பேசாத மனிதர், மாலை விழுந்த மறு நிமிஷம் மைக்கைப் பிடுங்குவார். எந்த அதிகாரி எப்போது தூங்கினார், எந்தப் பாலத்தில் எத்தனை போல்ட் இல்லை, யாருடைய தப்புக்கு யார் தண்டனை வாங்கினார், எல்லாம் கொட்டும். அதிகாரிகள் மிக்சரைப் பார்த்துக்கொண்டு புன்னகை செய்வார்கள். ஒன்றும் செய்யமுடியாது, ஆள் ஓய்வு பெற்றாயிற்று. அதனால்தான் விடுவிப்பு உத்தரவை வாசிக்காமல் யாரும் மைக்கைக் கொடுக்கமாட்டோம். பணியில் இருந்துகொண்டே ஒருவர் உண்மை பேசித் தொலைத்துவிடக்கூடாது பாருங்கள்.

அன்றே 17-பியின் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை எழுதினேன். அது ஒரு பத்தி சேர்க்கச் சொன்னது; குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று. சேர்த்தேன். விதிப்படி, ஓய்வு பெறுபவர்மேல் நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று சான்று வேண்டும். அதில் சிக்கலே இல்லை. பழி முழுவதையும் பேச்சித்தாய்மேல் போட்டிருந்ததால் 17-பி பாலில் குளித்த மாதிரி இருந்தது. என் மெமோக்களை நானே வாபஸ் வாங்கினேன். விண்ணப்பத்தை மற்ற அறுபது தாள்களோடு சேர்த்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு இளவழுதியின் மேஜையில் வைத்தேன். பென்சில் குறி இருந்தால் அவர் தன் மரண தண்டனையிலும் கையெழுத்துப் போடுவார். போட்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் 17-பிக்குப் பக்கத்திலேயே ஷாமியானா போட்டோம். காபி, போண்டா, கேசரி. இளவழுதியைப் புதிய மாடலைப் பாராட்டும் விழா என்று சொல்லி வரவழைத்தேன். தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன்கள் ஏழெட்டுப் பேர். பட்டமுத்து வாழ்த்திப் பேசினார்.

"பதினேழு-பி அமைதியானவரு. யாரு வம்புக்கும் போனதில்ல. மத்த துறைகளோட அனுசரிச்சுப் போவாரு. அவரு மாதிரி ஆள இனிமே பாக்க முடியாது."

சம்பங்கி மாலையைப் பெட்டியின் மூடியில் சாத்தினேன். சரியாக நான்கு மணிக்கு விடுவிப்பு உத்தரவை வாசித்தேன். நான்கு மணி ஒரு நிமிஷத்துக்கு 17-பி தொண்டையைச் செருமிற்று. நானே கேட்டேன், செருமிற்று.

"அவையோர்க்கு வணக்கம். பகல் 12.40 மணி முதல் என் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ஜல்லிக்கல் இருந்தது. இடைவெளி எட்டு மில்லிமீட்டர். எனக்குத் தெரியும். பாசஞ்சர் வண்டி நாற்பது நிமிடம் தாமதம். அம்மாதத்தில் என்மீது மூன்று பழுதுகள் பதிவாகியிருந்தன. நான்காவது வந்தால் என்னைக் கழற்றிச் சரக்குத் தளத்தில் மாட்டுவதாகத் திரு. இளவழுதி குறிப்பு எழுதியிருந்தார். கோப்புகளைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தியவர்களிடம் எண்பது ஆண்டுகளில் பதினோராயிரம் விளக்கங்கள் கேட்கப்பட்டுள்ளன. ஏதோ கோளாறு என்று தெரிந்தும் வண்டியை விட்டவர்களிடம், பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடவில்லையாதலால், எதுவும் கேட்கப்படவில்லை. கணக்கிட்டேன். பூட்டியாச்சு என்று சொன்னேன்."

கேங்மேன்கள் போண்டாத் தட்டைக் கீழே வைத்தார்கள்.

"திருமதி பேச்சித்தாய் அன்று காலை என்னைத் துடைத்தார். தகடு வைத்து இருமுறை சோதித்தார். என்னை அவர்போல் ஒருவரும் பார்த்துக்கொண்டதில்லை. அவர் பெயரை நான் எழுதக் காரணம், பதிவேட்டில் அவர் பெயர் இருந்ததே. வேலை செய்தவர் கையெழுத்திடுகிறார். கையெழுத்திட்டவர் அகப்படுகிறார். வேலை செய்யாதோர் பெயரை எந்தக் கோப்பிலும் காணமுடியவில்லை. மேலும், ஒரு தையல்காரர் துணியை எந்தக் கையால் பிடிப்பார் என்று ஒன்பது நாட்களாகத் தேடுகிறேன். எந்தப் பீரோவிலும் இல்லை. அவையோரில் யாருக்காவது தெரிந்தால் சொல்லவேண்டும்."

சிலர் தங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இதில் இன்னொருவர் பங்கும் உண்டு. அவர் இன்னும் பணியில் உள்ளார். பணியில் உள்ளவரைப் பற்றி வழியனுப்பு விழாவில் பெயர் சொல்லிப் பேசுவது அநாகரிகம். நன்றி, வணக்கம்."

அப்போதுதான் இளவழுதி விழுந்தார். ஆகவே அது அவரைத்தான் சொல்லிற்று என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டினோம்.

விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டுத் தலைமையகம் ஒரு வாரம் யோசித்தது. ஓய்வு பெற்ற ஒருவரின் வாக்குமூலத்தை ஏற்க விதியில்லை என்று கண்டுபிடித்தது. ஆனால் விசாரணையை நடத்தினால் இது வெளியே வரும். எனவே பேச்சித்தாய்க்குச் 'சந்தேகத்தின் பலனை' அளித்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். 17-பியின் மூளையை உருவி எங்கோ கொண்டுபோனார்கள். தெற்கே இப்போதுள்ள பாயிண்ட் மெஷின்களெல்லாம் பழையபடி அடிமுட்டாள்கள். ஐந்து மில்லி என்றால் நிற்கும், யார் திட்டினாலும் நிற்கும். நான் ரயிலில் தைரியமாகப் போய்வருகிறேன்.

சந்தேகத்தின் பலனில் பலன் பேச்சித்தாய்க்குக் கிடைத்தது. சந்தேகமும் அவருக்கே கிடைத்தது. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் யாராவது காதில் ஓதிவிடுவார்கள்: அந்தத் தையக்காரர் கை போனதே, இந்தம்மாதான். பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு தடவை தாண்டிப்போனார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் பேனா மூடியை மூன்று தடவை திறந்து மூடுகிற பழக்கம் வந்துவிட்டது அவருக்கு. வேலையில் சேர்ந்த அன்றே நான் போய் விழாவில் நடந்ததைச் சொன்னேன். கேட்டார். சிரித்தார். "சரி சார்" என்றார். ஆறுதலுக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கக்கத்தில் இருந்த சிக்னல் கம்பம் அதைக் கெடுத்துவிட்டது.

இளவழுதியோ, மயக்கத்தில் தன் காதில் எதுவும் விழவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேங்மேன்களைக் கேட்கலாமென்றால் அவர்கள் பட்டமுத்துவின் ஆட்கள். "அய்யா என்ன சொல்லுதாகளோ அதான்" என்பார்கள். அய்யா என்ன சொன்னார்? "விழாவா? எந்த விழா?" பொறாமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய வழியனுப்பு விழாவில் இவ்வளவு நல்ல பேச்சு யாரும் பேசவில்லை. அவரே மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த நவம்பரில், நான் மேலே சொன்னதையெல்லாம் வரிசைக்குச் சொல்லி முடித்தபோது பட்டமுத்துவின் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"உயிரோட இருக்கீங்களாய்யா?"

"இருக்கேன்."

"இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டார். திரும்பினார். பேச்சித்தாய் வரிசையை விட்டு வெளியே வந்து அவருக்கு எதிரில் நின்றிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். இவுக சொல்லுதது பொய்யின்னா பொய்யின்னு சொல்லிருங்க. நான் கோவப்படமாட்டேன்."

"என்னம்மா இப்ப?"

"அன்னைக்குத் தொடச்சேனான்னு எனக்கே இப்பம் தெரியல சார். தொடச்சேன்னுதான் இருந்தேன். இருவது வருசமா ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, தொடச்சதா நெனச்சுக்கிட்டேனோன்னு ஆயிருச்சு. கையில துணி இருந்தது ஞாபகம் இருக்கும். இப்ப அதுவும் இல்ல. ஒரு மனுசன் கைய நான்தான் எடுத்தேனான்னு தெரியாம நான் எப்படி சார் உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட?"

வரிசை முழுவதும் பட்டமுத்துவைப் பார்த்தது. அவர் கவுண்டரைப் பார்த்தார். அவர் கையெழுத்து இன்னும் ஈரமாக இருந்தது.

"எம்மா, நான் பென்சன் வாங்குதவன்," என்றார் மெதுவாக.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்தப் பெட்டிக்கு மால விழுந்து ஒரு நிமிசம் போதும்னு இருந்துச்சு வே. உமக்கு மால விழுந்து பதினெட்டு வருசம் ஆச்சு."

"நீரு சும்மா இரும் வே!" என்று என்மேல் பாய்ந்தார். பிறகு பேச்சித்தாயைப் பார்த்தார். இடுப்பிலிருந்த துண்டை எடுத்தார், எதற்கென்று தெரியாமல் மறுபடி அங்கேயே செருகினார்.

"நடந்துச்சும்மா. இந்தாளு சொல்லுத விழா, மால, அது பேசுனது, அம்புட்டும் நடந்துச்சு. நீ தொடச்ச. அந்தக் கல்லு அதுக்குப் பெறவு எங்க ஆளுக ஜல்லி கொட்டயில விழுந்தது. ஜாயின்ட் நோட்டு எழுதயில, நீ கல்லப் பத்தி எழுதாத, நான் இடைவெளியப் பத்திக் கேக்கலன்னு அதுகிட்ட நான்தான் குனிஞ்சு சொன்னேன். சரின்னுச்சு. அப்பம் யார் பெயரை எழுதுவதுன்னு கேட்டுச்சும்மா. அதுக்குத் தெரியல. நான்தான் ரிஜிஸ்டர எடுத்து, நீ கையெழுத்துப் போட்ட பக்கத்த விரிச்சு, அது கண்ணு முன்னால புடிச்சேன்."